விறைப்பு: பொருளும் வழக்கும் – விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பேச்சை முன்வைத்து

வளையாத தன்மையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இறுக்கம், கடினம், திண்மை, முறுக்கு, வீம்பு, பிடிவாதம் என்று வரிசை நீளும். அவற்றுள் விறைப்பு என்ற சொல் உடலுக்கும் குணத்துக்கும் ஒருசேரப் பொருந்துவது. குளிரில் கை விறைக்கிறது. கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கிறது. ஆள் 'விறைப்பான ஆள்' என்று பெயர் வாங்குகிறார். இச்சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள் தவறானது அல்ல, போதாதது. எங்கே போதவில்லை என்பதை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பேச்சைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்விரு ஊர்களும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பகுதியை நடுநாடு என்பது பழைய வழக்கு. அந்தப் பெயரிலேயே எழுத்தாளர் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் செய்த வேலைக்கு இணையானது அது. ஆனால் வட்டார அகராதி என்ற வகைமைக்கே ஓர் இயல்பு உண்டு. வேறெங்கும் கிடைக்காத சொல்லைத்தான் அது முதலில் தேடி எடுக்கும். விறைப்பு போன்ற சொல் எல்லாப் பக்கமும் இருக்கிறது. சொல்லப்படும் விதம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. இப்படிப்பட்ட சொற்கள் பொது அகராதிக்கும் வட்டார அகராதிக்கும் இடையில் விழுந்துவிடுகின்றன. பொது அகராதி 'பொருள் சொல்லியாயிற்று' என்று நகர்ந்துவிடும். வட்டார அகராதிக்கு இதில் புதுமை தெரியாது.

வெறப்பும் வெரப்பும்

திண்டிவனம் பக்கத்தில் யாரும் 'விறைப்பு' என்று பேசுவதில்லை. 'வெறப்பு' என்பார்கள். 'வெறச்சிகினு நிக்கறாம் பாரு', 'கால் வெறச்சிப் போச்சி' என்பவை அன்றாடப் பேச்சு. இது கொச்சை அல்ல, ஒலி விதிக்கு உட்பட்ட மாற்றம். விறகு வெறகு ஆவதும் இலை எல ஆவதும் நிறம் நெறம் ஆவதும் இதே விதியால்தான். முதலெழுத்தின் இகரம் எகரமாகிறது. நடுவிலுள்ள ஐகாரம் அகரமாகக் குறைகிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தொல்காப்பிய உரியியலில் விறப்பு என்றொரு சொல் இருக்கிறது. உறப்பு, வெறுப்பு ஆகியவற்றோடு சேர்த்து அதற்குச் செறிவு என்று பொருள் சொல்லும் தொல்காப்பியர், விறப்புக்கு மட்டும் அச்சம் என்ற இன்னொரு பொருளும் உண்டென்று தனியே சொல்கிறார். உடனே 'எங்கள் ஊர்ப் பாட்டி தொல்காப்பியச் சொல்லை அப்படியே பேசுகிறாள்' என்று மார்தட்டத் தோன்றும். ஒலியை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. பாட்டியின் வெறப்பு, விறைப்பு என்ற சொல் பேச்சில் தேய்ந்து வந்த வடிவம். பழைய விறப்போடு அது ஒத்து ஒலிப்பது தற்செயல். பொருளில்தான் நெருக்கம் இருக்கிறது. செறிந்து அடைந்துபோன ஒன்றுக்கு வளைய இடமில்லை. அஞ்சிய உடல் அசையாமல் நின்றுவிடுகிறது. விறப்பின் இந்த இரண்டாம் பொருள் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

எழுத்துச் சிக்கல் வேறு வகையானது. வட மாவட்டங்களின் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. குமரி மாவட்டத்துக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் காதாலேயே பிரித்தறியும் வேறுபாட்டைத் திண்டிவனத்து மாணவர் மனப்பாடம் செய்துதான் எழுத வேண்டும். அதனால் 'விரைப்பு' என்று எழுதுவோர் பலர். விரை என்பது விதை, விரைத்தல் விதைத்தல். நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் இந்த மண்ணில் 'மல்லாட்ட வெரச்சாச்சா?' என்பது சாதாரணமான விசாரிப்பு. ஆகவே பிழையாக எழுதப்படும் விரைப்பு பொருளற்ற எழுத்துக் கோவை அல்ல, வேறொரு வேலையைக் குறிக்கும் சொல். பேச்சில் இதனால் குழப்பம் வருவதில்லை. நிலத்தைப் பற்றிய பேச்சா ஆளைப் பற்றிய பேச்சா என்பது கேட்பவருக்குத் தெரியும். எழுத்தில்தான் கவனம் வேண்டும்.

எது விறைக்கும், எது விறைக்காது

ஒரு சொல்லின் எல்லையை அறிய, அது எதோடு சேராது என்று பார்ப்பது நல்ல வழி. கல் விறைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கடப்பாரை விறைப்பாக இருக்கிறது என்றால் கேட்பவர் சிரிப்பார். 'கடப்பாரய முழுங்கினவன் மாதிரி வெறப்பா நிக்கறான்' என்றால் சரி. அதாவது வளையாத பொருள் உவமையாக வரலாம், ஆனால் அதற்கே விறைப்பு என்ற சொல் ஒட்டாது. துணி விறைக்கும், தோல் விறைக்கும், ஈரம் காய்ந்த கயிறு விறைக்கும், விரல் விறைக்கும், பிணம் விறைக்கும். இவை எல்லாம் வளையக்கூடியவை, அல்லது சற்று முன்புவரை வளைந்துகொண்டிருந்தவை. வளைய வேண்டிய ஒன்றின்மேல் வெளியிலிருந்து வந்து ஏறிய நிலையே விறைப்பு. பேச்சிலும் விறைப்பு 'ஏறும்', 'விடும்' என்றே சொல்கிறார்கள். கடினம் என்பது ஒரு பொருளின் பிறவிக்குணம். விறைப்புக்கோ முன்னும் பின்னும் உண்டு. வளையாத தன்மை என்று ஒரு வரியில் பொருள் எழுதும்போது இந்தக் கால ஓட்டம் விடுபட்டுப்போகிறது.

சாவு வீட்டில் இது தெளிவாகத் தெரியும். உயிர் பிரிந்ததும் பெரியவர்கள் முதலில் செய்வது கண்ணை மூடுவது, கை கால்களை நீட்டிவிடுவது, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது, தாடைக்குத் துணிக்கட்டுப் போடுவது. 'வெறச்சிப் போறதுக்குள்ள கட்டுங்க' என்று ஒரு குரல் அவசரப்படுத்தும். இறந்த சில மணி நேரத்தில் இமை, தாடை ஆகியவற்றில் தொடங்கி விறைப்பு உடல் முழுதும் பரவுகிறது. தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தரும் வேதிப்பொருள் தீர்ந்துபோவதால் தசைநார்கள் பற்றிய பிடியை விட முடியாமல் நின்றுவிடுகின்றன. பிறகு தசை சிதையத் தொடங்கும்போது விறைப்பு தானே விடுகிறது. வெயில் காலத்தில் இந்தச் சுற்று வேகமாக முடியும். மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் பிண விறைப்பு என்று வருவதும் அந்தக் குரல் சொன்னதும் ஒன்றையேதான்.

விறைப்பு எப்போதும் குறையும் அல்ல. பறையைத் தீயில் காய்ச்சுவது தோலுக்கு விறைப்பு ஏற்றத்தான். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி காட்டுவார்கள். பனியில் தோல் தளர்ந்துபோகும், சத்தம் அமுங்கும். மார்கழிப் பனி மனிதனை விறைக்க வைக்கிறது, பறையைத் தளர வைக்கிறது. (கஞ்சி போட்ட வேட்டியை 'மொடமொட' என்று சொல்வதும் உண்டு. அது சத்தத்தைச் சொல்லும் சொல். துணி நிற்கும் நிலையைச் சொல்வது விறைப்பு.)

பள்ளி இயற்பியல் பாடத்தில் விறைப்புக் குணகம் என்ற கலைச்சொல் இருக்கிறது. பொருளின் வடிவம் சாயும்படி விசை கொடுத்தால் அது எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு இது. எஃகுக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8,000 கோடி நியூட்டன். எஃகு விறைப்பாக இருக்கிறது என்று எந்தக் கொல்லரும் சொல்லமாட்டார் என்றாலும், இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு என்றே எண்ணுகிறேன். கடினம் என்று பெயரிட்டிருந்தால் கீறலைத் தாங்கும் தன்மையோடு குழம்பியிருக்கும். உறுதி என்றிருந்தால் உடையாமல் தாங்கும் தன்மையோடு குழம்பியிருக்கும். கண்ணாடி விறைப்பானது, ஆனால் தட்டினால் உடையும். ரப்பரில் விறைப்பு குறைவு, எளிதில் உடையாது. காய்ந்த பனையோலையையும் பச்சைப் பனையோலையையும் மடித்துப் பார்த்த பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரவே வேண்டாம்.

மரத்தலும் விறைத்தலும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி விறைத்தலைக் குளிரோடு சேர்த்து, மரத்துப்போதல் என்று விளக்குகிறது. நடுநாட்டுப் பேச்சோடு இது முழுவதும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. மரத்துப்போவது உணர்ச்சி போவது. விறைத்துப்போவது அசைவு போவது. நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகிறது, ஆனால் மடக்கலாம். விடியற்காலையில் நாற்றங்காலில் நின்று நாற்றுப் பறித்தவரின் விரல் வெறச்சிப் போகிறது, மடக்க முடியவில்லை. கடுங்குளிரில் இரண்டும் சேர்ந்தே வருவதால் அகராதி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இலங்கைத் தமிழில் இந்த எல்லை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே விறைப்பு என்பது உணர்ச்சி இல்லாமையைத்தான் முதலில் குறிக்கும். பல் பிடுங்குமுன் போடும் ஊசி அங்கே விறைப்பூசி. இங்கே மரத்துப்போகிற ஊசி. மலையாளத்தில் விறயல் என்றால் நடுக்கம். ஒரே குளிர், மூன்று இடத்தில் மூன்று விளைவு: ஒருவர் நடுங்குகிறார், ஒருவர் உணர்ச்சி இழக்கிறார், ஒருவர் அசைவிழக்கிறார். உடலியலும் இதற்கு ஒத்துவருகிறது. குளிர் தாக்கும்போது முதலில் நடுக்கம் வருகிறது. உடலின் உள்வெப்பம் சுமார் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம் நின்று தசை விறைக்கத் தொடங்குகிறது. ஒரே நிகழ்வின் வெவ்வேறு கட்டத்துக்கு வெவ்வேறு நாட்டார் பெயரிட்டதுபோல இருக்கிறது.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் விஷயம் அல்ல. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் இயங்கிவருகிறது. சுற்று வட்டாரக் கிராமங்களின் நோயாளிகள் வந்துசேரும் இடம் அது. 'காலு வெறச்சிப் போவுதுங்க' என்று ஒரு முதியவர் சொன்னால், அகராதிப்படி அது உணர்ச்சி மரத்தல். சர்க்கரை நோயால் நரம்பு கெடுவதை நினைக்கத் தோன்றும். அவரது ஊர் வழக்குப்படி அது மடக்க முடியாமை; அந்தக் கேள்வி மூட்டுக்கும் தசைக்கும் மூளை நரம்புக்கும் போகும். கழுத்து விறைப்பு மூளை உறைக் காய்ச்சலின் அறிகுறி என்பதை நினைத்தால், இங்கே ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொள்வதன் விலை தெரியும். 'தொட்டாத் தெரியுதா, மடக்க முடியுதா?' என்று இரண்டையும் பிரித்துக் கேட்கும் மருத்துவர் அகராதியைத் திருத்துகிறார் என்றே சொல்ல வேண்டும்.

சொல்லுக்கு இன்னொரு இடர்ப்பாடும் வந்திருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் பரம்பரை வைத்தியர்களின் விளம்பரங்கள் விறைப்பை ஒரே உறுப்பின் பிரச்சினையாக்கிவிட்டன. இணையத்தில் தேடினாலும் அதுவே முதலில் வருகிறது. வகுப்பில் விறைப்புக் குணகம் என்று ஆசிரியர் சொன்னதும் பின்வரிசையில் எழும் சிரிப்புக்குக் காரணம் இதுதான். ஆண்மைக் குறைவை வெளிப்படையாகப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அதற்காக ஒரு சொல்லின் மற்ற வாசல்களெல்லாம் அடைபடுவது நட்டம். நல்லவேளையாக, 'வெறப்பு' என்ற பேச்சு வடிவத்தின்மேல் இந்த நிழல் இன்னும் அவ்வளவாக விழவில்லை.

யார் வெறப்பு?

இனி குணத்துக்கு வருவோம். நடுநாட்டுப் பேச்சில் வெறப்பைச் சுற்றி நெருக்கமான சொற்கள் பல உண்டு. மொறப்பு கண்ணில் இருப்பது. எதிரே இன்னொருவர் இல்லாமல் முறைக்க முடியாது. வீறாப்பு வாயில் இருப்பது. வீம்பு செயலில் இருப்பது. நட்டம் என்று தெரிந்தும் செய்வது. முறுக்கு இளம் வயதுக்கு உரியது. கயிற்று முறுக்குப்போல நாளாக நாளாகத் தானே பிரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. வெறப்பு மட்டும் கழுத்திலும் முதுகிலும் இருப்பது. ஒருவர் ஒன்றும் பேசாமல், ஒன்றும் செய்யாமல், யாரையும் பார்க்காமல் இருந்தாலும் வெறப்பு என்று பெயர் வாங்கலாம். நிற்கும் விதம் போதும்.

ஆகவேதான் இது ஆபத்தான சொல். செயலையோ பேச்சையோ குற்றம் சொன்னால் மறுப்புச் சொல்லலாம். நின்ற நிலையைக் குற்றம் சொன்னால் என்ன மறுப்புச் சொல்வது?

'மருமவ வந்த நாள்லேருந்து வெறப்பாவே இருக்கா' என்பது இப்பகுதியில் எந்தத் தெருவிலும் காதில் விழக்கூடிய வாக்கியம். புது வீடு, புது மனிதர்கள், யாரிடம் எதைப் பேசலாம் என்று தெரியாத பெண். அவள் உடல் இறுகியிருப்பது கர்வத்தாலா, பயத்தாலா? தொல்காப்பியம் விறப்புக்கு அச்சம் என்றும் பொருள் சொன்னதை இங்கே நினைவுகூரலாம். பேச்சிலும் 'பயத்துல வெறச்சிப் போயிட்டான்' என்ற வழக்கு உண்டு. ஆனால் வினையாக வரும்போது அச்சத்தைக் காட்டும் சொல், 'வெறப்பா இருக்கா' என்று குணமாக வரும்போது அகந்தையை மட்டுமே காட்டுகிறது. பயந்தவளைத் திமிர் பிடித்தவள் என்று படிக்க மொழியே வழி செய்து கொடுக்கிறது. அகராதி இரண்டு பொருளையும் 1, 2 என்று எண் போட்டுப் பிரித்து வைக்கலாம். வாழ்க்கையில் ஒன்று மற்றொன்றாக மாற்றிப் படிக்கப்படுவதை எந்த எண்ணில் சேர்ப்பது?

இச்சொல் போகும் திசையும் கவனிக்கத்தக்கது. மாமியார் மருமகளை, ஆசிரியர் மாணவனை, நிலக்காரர் கூலியாளை வெறப்பு என்று அவர்கள் காதுபடச் சொல்கிறார்கள். 'அதிகாரி வெறப்பான ஆளு' என்றும் சொல்வதுண்டு, அவர் அந்தப் பக்கம் போன பிறகு. மேலிருந்து கீழே உரக்கவும் கீழிருந்து மேலே மெல்லவும் போகும் சொல் இது. மேலே இருப்பவரின் நிமிர்வை எல்லார் முன்னும் சொல்ல வேண்டுமானால் வேறு சொற்கள் தயாராக இருக்கின்றன: மிடுக்கு, கம்பீரம், தோரணை. இப்பகுதியின் தெருக்கூத்தில் துரியோதனனுக்கு வணங்காமுடி என்பது பட்டம். தலை குனியாதவன் என்பது அரசனுக்குப் பெருமை. செஞ்சிப் பகுதியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட நூல் இந்தக் கூத்து மரபை விரிவாகப் பேசுகிறது. கட்டையும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனன் களத்தில் நிற்கும்போது அந்த விறைப்பை ஊர் விடிய விடிய ரசிக்கிறது. அதே கழுத்தோடு ஒரு பண்ணையாள் நின்றால் பெயர் மாறிவிடும்.

தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், சில தெருக்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இருந்த கிராமங்களில், வளைவது என்பது குணம் அல்ல, விதிக்கப்பட்ட கடமை. அதைச் செய்யாதவருக்கு வெறப்பு என்ற பெயர் உடனே கிடைத்தது. இமையத்தின் கோவேறு கழுதைகள் நாவலில் (1994) வரும் ஆரோக்கியம் இதன் மறுபக்கம். வீட்டு வாசல்களில் நின்று கேட்டு வாங்கிப் பிழைக்க வேண்டிய வண்ணாத்தி அவள். குரலும் உடலும் குனிந்தே இருக்க வேண்டும் என்பது அவளது பிழைப்பின் விதி. விறைப்பு என்ற சொல்லின் சமூகப் பொருளை அறிய விரும்பும் மாணவர், அந்தச் சொல் தேவைப்படாத இந்த வாழ்க்கையையும் படித்தாக வேண்டும்.

தனியாள் ஒருவரின் வளையாமைக்கு வெறப்பு என்று பெயர். பலர் கூடி வளையாமல் நின்றால் அதற்குப் பெயர் ஊர்க் கட்டுப்பாடு. 2023 ஜூன் மாதத்தில் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. தலித் மக்கள் உள்ளே வந்து வழிபடுவதை ஊரின் மற்றொரு தரப்பு ஏற்க மறுத்ததால் எழுந்த பிரச்சினை அது. இரு தரப்பில் வளைய மறுத்தது எது என்பதில் ஐயம் எழ இடமில்லை. ஆனால் மரபு, வழக்கம், கட்டுப்பாடு போன்ற மரியாதையான சொற்கள் இப்படிப்பட்ட மறுப்புக்கே கிடைக்கின்றன. வாசலில் வந்து நின்று கேட்பவர்களுக்கு மிஞ்சுவது வெறப்பும் திமிரும்தான். வளையாத தன்மை என்ற பொருள் வரையறை சரியென்றால் சொல் இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்பதாலேயே அந்த வரையறை போதாது என்கிறேன்.

என்ன செய்யலாம்? அகராதிப் பதிவில் விறைப்புக்கு மூன்று திருத்தம் தேவை. வளையக்கூடிய பொருளின்மேல் ஏறும் நிலை என்பது முதலில் வர வேண்டும். மரத்தலிலிருந்து அது பிரிக்கப்பட வேண்டும். இலங்கை வழக்கைத் தனியே காட்ட வேண்டும். குணத்தைக் குறிக்கும்போது 'பெரும்பாலும் தன்னினும் கீழ்ப்பட்டவராகக் கருதப்படுபவரைப் பற்றி, குறைகூறும் தொனியில்' என்ற குறிப்பு சேர வேண்டும். திமிர், கொழுப்பு, வாய் நீளம் ஆகிய சொற்களுக்கும் இதே குறிப்பு பொருந்தும். அவையும் கீழ்நோக்கியே உரக்கச் சொல்லப்படுகின்றன.

வட்டார வழக்கைத் திட்டக் கட்டுரையாகச் சேகரிக்கும் கல்லூரி மாணவர்கள் வழக்கமாக மூன்று கட்டங்கள் போடுகிறார்கள்: சொல், பொருள், எடுத்துக்காட்டு. வெறப்புக்கு இன்னும் மூன்று வேண்டும். சொன்னவர் யார், யாரைப் பற்றிச் சொன்னார், அது அவர் காதில் விழும்படி சொன்னாரா.